கலியாண வீடியோ தொகுக்கும் கணினியில் கேம் விளையாடலாமா?

வேர்க்ஸ்டேஷன், அதாவது கடினமான தொழில் வேலைகளுக்கென்றே செய்த கணினியில் கேம் விளையாடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. வேலைக்காக ஏற்கெனவே ஒன்று வீட்டிலோ கடையிலோ இருந்தால் தாராளமாக விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்ட்டை மட்டும் மாற்றினால் போதும். விளையாடுவதற்கென்றே ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், அதுவும் வன்னியில் இருந்துகொண்டு வாங்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். எங்கள் ஸ்டூடியோவில் இருக்கும் இயந்திரமும், "அண்ணா, இது ஏன் இப்படி இழுபடுகிறது என்று ஒருக்கால் பாருங்கள்" என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட சில இயந்திரங்களும் எனக்குக் கற்றுத் தந்தது இது.

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் எங்கள் ஸ்டூடியோ. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறோம். பழைய புகைப்படங்களைச் சீர்செய்வதும் உண்டு. 2009 க்கு முந்தைய ஆல்பம் முழுதாகத் தப்பிய வீடுகள் இங்கே மிகக் குறைவு. இடப்பெயர்வில் உடுப்புப் பையின் அடியில் கிடந்து மிஞ்சிய ஒற்றைப் படத்தைக் கொண்டுவந்து, அப்பாவின் முகம் மட்டும் தெளிவாக வந்தால் போதும் என்பார்கள். அப்படிப்பட்ட கோப்புகள் இருக்கும் கணினி நடுவழியில் உறைந்து நிற்கக் கூடாது. இரவு முழுக்க ரெண்டரிங் (தொகுத்த காட்சிகளை ஒரே வீடியோவாக ஆக்கும் வேலை) ஓடினாலும் விடியும்போது பிழையில்லாமல் முடிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பாவித்த எச்பி இசட்440 வேர்க்ஸ்டேஷன் ஒன்றை எடுத்தேன். ஆறு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் கூறுகள்) கொண்ட சியோன் இ5-1650 வி3 புரோசசர், 32 ஜிபி இசிசி மெமரி, குவாட்ரோ எம்4000 கிராபிக்ஸ் கார்ட், 700 வாட் பவர் சப்ளை. இசிசி மெமரி தனக்குள் ஒரு பிட் தவறாகப் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். சாதாரண மெமரிக்கு அந்தத் திறன் இல்லை. என் தொழிலுக்கு அது பெரிய நிம்மதி. கேமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்கு உதவிக்கு வந்த என் அக்காவின் மகன்தான் அதில் முதலில் கேம் ஏற்றினான். ரெண்டரிங் இல்லாத இரவுகளில் மட்டும் விளையாடுகிறேன் மாமா என்று முறையாகக் கேட்டான், நானும் சம்மதித்தேன். இஏ கிரிக்கெட் 07 பற்றிப் பேசத் தேவையில்லை. இலங்கையில் எந்தப் பழைய பெட்டியிலும் ஓடுகிற விளையாட்டு அது. ஜிடிஏ 5 முழு எச்டி அளவில், அமைப்புகளை நடுத்தரத்தில் வைத்தபோது நன்றாகவே ஓடியது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 இல்தான் அவன் முகம் மாறியது. ஆட்கள் கூடிச் சுடுபடும் இடங்களில் படம் தடக்கித் தடக்கி நகர்ந்தது. இவ்வளவு விலையான கணினி ஏன் தடக்க வேண்டும் என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி.

பதில் புரோசசரில் இருக்கிறது. கேம் ஒன்று நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெக்கனுக்குள் ஆயத்தம் செய்ய வேண்டும். 144 படம் வேண்டுமானால் ஏழு மில்லிசெக்கன்தான் அவகாசம். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்ற கணக்குகளில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். ஒன்றின் விடை வராமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. பதினான்கு பேர் சேர்ந்து அருவி வெட்டினால் வயல் பொழுதுக்குள் முடியும். வாய்க்கால் மடையைத் திறக்க ஒருவர்தான் வேண்டும், மற்றவர்கள் வரம்பில் நின்று பார்க்க வேண்டியதுதான். வீடியோ ரெண்டரிங் அருவி வெட்டு. கேம் மடை திறக்கிற வேலை. அந்த ஒருவருடைய வேகம்தான் முக்கியம்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கொண்டுவந்த கணினியைப் பார்த்தபோது இது இன்னும் தெளிவானது. கனடாவில் இருக்கும் அவருடைய சித்தப்பா, பிள்ளை நல்லதாக ஒன்று எடுக்கட்டும் என்று பணம் அனுப்பியிருக்கிறார். இணைய விளம்பரத்தில் 14 கோர், 64 ஜிபி மெமரி, உயர்தரக் கேமிங் கணினி என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கொழும்பிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது சியோன் இ5-2680 வி4. 2016 ஆம் ஆண்டுத் தலைமுறை; அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், எட்டிப் பிடித்தால் 3.3. சேர்வர்களுக்காகச் செய்த புரோசசர் அது. ஒரே நேரத்தில் பலருடைய வேலையைச் சுமப்பதில் கெட்டிக்காரன். ஆனால் 2022 இல் வந்த நான்கே கோர் உள்ள ஐ3-12100எஃப், 4.3 கிகாஹேர்ட்ஸ் வரை போவதோடு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வேலையையும் முடிக்கிறது. கேமில் அந்தச் சின்ன ஐ3 இந்தப் பதினான்கு கோரையும் முந்திவிடும். அதைவிட மோசம், அந்தப் பெட்டியில் இருந்த கிராபிக்ஸ் கார்ட் குவாட்ரோ கே620. 384 கோர், 2 ஜிபி டிடிஆர்3 மெமரி. அலுவலகத்தில் இரண்டு திரை காட்டுவதற்கும் சின்ன வரைபடங்களுக்கும் உரியது. அதைக் கேமிங் கணினி என்று விற்றவர் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. புலம்பெயர்ந்த ஓர் உறவு இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசு அது.

இரண்டு புரோசசர் பூட்டிய பெட்டிகளும் விளம்பரத்தில் வருகின்றன. அவற்றைக் கேமுக்காக எண்ணியும் பார்க்காதீர்கள். ஒரு புரோசசர் மற்றதன் பக்கத்தில் இருக்கும் மெமரியைத் தொடப் போகும் ஒவ்வொரு தடவையும் தாமதம் கூடுகிறது. பல கேம்கள் அதில் ஒற்றைப் புரோசசரை விட மெதுவாகவே ஓடுகின்றன.

இனி கிராபிக்ஸ் கார்ட். வேர்க்ஸ்டேஷனுக்கென்று வரும் குவாட்ரோ கார்ட்டில் கேம் ஓடாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது தவறு. எங்கள் எம்4000 ஐயே எடுங்கள். அதற்குள் இருக்கும் சிப்பும், கேம் கார்ட்டான ஜிடிஎக்ஸ் 970 இல் இருக்கும் சிப்பும் ஒரே இனம். இரண்டிலும் 1664 கோர். ஆனால் 970 ஆயிரம் மெகாஹேர்ட்ஸைத் தாண்டி ஓடும்போது, எம்4000 எண்ணூறுக்கும் கீழேயே நின்றுகொள்கிறது. 120 வாட்டுக்குள், ஒற்றை விசிறியோடு, மெல்லிய உடம்பில், மாதக்கணக்கில் நிற்காமல் உழைக்க வேண்டும் என்று அதை அப்படி அடக்கி வைத்திருக்கிறார்கள். புதிய தலைமுறையிலும் இதே கதைதான். வேர்க்ஸ்டேஷன் கார்ட்டான ஆர்டிஎக்ஸ் ஏ4000 இலும் கேம் கார்ட்டான ஆர்டிஎக்ஸ் 3070 டிஐ இலும் 6144 கோர் இருக்கின்றன; முன்னது 140 வாட்டோடு நிற்கும், பின்னது 290 வாட் இழுக்கும். விலையில் மாத்திரம் வேர்க்ஸ்டேஷன் கார்ட் வழமையாக மேலே. அந்தக் கூடுதல் பணம் வேகத்துக்கானது அல்ல. கூடுதல் மெமரிக்கும், சொலிட்வேர்க்ஸ் போன்ற பொறியியல் வரைபட மென்பொருள்களோடு பரிசோதித்துச் சான்றளித்த டிரைவருக்கும் போகிறது. பாலம், கட்டடம், இயந்திரம் வரைகிற பிள்ளைகளுக்கு அது தேவைப்படலாம். சொலிட்வேர்க்ஸில் ரியல்வியூ என்ற காட்சிமுறை சான்று பெற்ற கார்ட்டில்தான் முறையாக வேலை செய்யும். கேம் மட்டும் விளையாடுகிறவர் அந்தப் பணத்தைக் கொடுப்பது வீண்.

ஒரு சிறு இடைஞ்சலையும் சொல்ல வேண்டும். குவாட்ரோ கார்ட்கள் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட் துளைகள்தான் இருக்கும். வீட்டில் எச்டிஎம்ஐ மட்டும் உள்ள திரையோ தொலைக்காட்சியோ இருந்தால் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். மலிவான மாற்றிகள் பல 60 ஹேர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. 144 ஹேர்ட்ஸ் திரையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அந்த மாற்றியால் அதன் பயனை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் செய்தது, எம்4000 ஐக் கழற்றிவிட்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒன்றைப் பூட்டியது. இதைத் தெரிவு செய்ததற்குப் பவர் சப்ளைதான் காரணம். 700 வாட் இருக்கிறதே, எதைப் பூட்டினாலும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எங்கள் பெட்டியில் கிராபிக்ஸ் கார்ட்டுக்கென வரும் வயர்கள் இரண்டும் ஆறு முனை கொண்டவை. இன்றைய கார்ட்கள் எட்டு முனை கேட்கின்றன. கணக்கைப் பாருங்கள். மதர்போர்ட் துளை 75 வாட் தரும், ஆறு முனை வயர் ஒன்று 75 வாட் தரும், ஆக 150. 1660 சூப்பருக்கு 125 போதும். ஒரு வயரில் ஆறிலிருந்து எட்டுக்கு மாற்றும் இணைப்பி போட்டாலே கணக்குச் சரி. 132 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 6600 உம் இந்த எல்லைக்குள் வரும். பலர் மலிவாகக் கிடைக்கிறதென்று தேடும் ஆர்எக்ஸ் 580 க்கு 185 வாட் வேண்டும். இரண்டு ஆறு முனை வயர்களையும் சேர்த்து ஒரு எட்டாக்கும் இணைப்பி இல்லாமல் அதைப் பூட்டக் கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின்வயரிலிருந்து எட்டு முனை எடுக்கும் இணைப்பியை எந்தக் கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். அந்த வயர் அவ்வளவு மின்னைத் தாங்காது. உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

கார்ட் மாறியபின் ஜிடிஏ 5 உயர்ந்த அமைப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் தடக்கல் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை, புரோசசர் பழையதுதானே. எனக்குக் கிடைத்த நன்மையோ வேறு. புதிய கமராக்கள் எச்இவிசி என்ற சுருக்கும் முறையில் பதிந்து தரும் 4கே காட்சியை எம்4000 ஆல் வன்பொருளில் முழுமையாக விரிக்க முடியாது; தொகுக்கும்போது இழுபட்டுக்கொண்டே இருக்கும். 1660 சூப்பர் அதை இலகுவாகச் செய்கிறது. பிள்ளையின் விளையாட்டுக்காக வாங்கிய கார்ட் கலியாண வீடியோ வேலையை வேகமாக்கியது. என்னைப் போல வீடியோ தொழில் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; குவாட்ரோதான் தொழிலுக்குரியது என்ற எண்ணம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு போதும். வன்னியில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய விடயம், பழுதானால் என்ன செய்வது என்பது. வேர்க்ஸ்டேஷன் பெட்டிக்குள் கம்பனிகள் தமக்கே உரிய வடிவத்தில் பாகங்களைப் பூட்டியிருக்கின்றன. பவர் சப்ளை கடையில் விற்கும் வழமையான ஏடிஎக்ஸ் அளவு இல்லை. மதர்போர்ட்டுக்குப் போகும் இணைப்பும் வேறு. விசிறியைக் கழற்றிவிட்டால் கணினியை இயக்கும் ஒவ்வொரு தடவையும் பிழைச் செய்தி காட்டி நிற்கும். அந்த அறிவியல் நகர்த் தம்பியின் பெட்டியில், ஐப்பசி இடிமழைக் காலத்தில் பவர் சப்ளை போய்விட்டது. கிளிநொச்சியில் இல்லை, யாழ்ப்பாணத்தில் விசாரித்தோம், அங்கும் இல்லை. 300 கிலோமீட்டருக்கும் அப்பால் கொழும்பில் பாவித்த ஒன்றைத் தேடிப்பிடித்து பஸ்ஸில் பார்சலாக வரும்வரை அவர் படிப்பு வேலைக்கும் நண்பனின் மடிக்கணினியைத்தான் கேட்டு வாங்கினார். அதே இடிமழையில் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக் கணினியிலும் பவர் சப்ளை எரிந்தது. அது சாதாரண ஏடிஎக்ஸ். அன்று பின்னேரமே இங்கேயே வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன்.

மெமரியிலும் இதே தொல்லை. இந்தப் பெட்டிகளில் வரும் ரெஜிஸ்டர்ட் வகை மெமரியைச் சாதாரண மதர்போர்ட் ஏற்காது. நாளைக்குப் புதிய கணினிக்கு மாறினால் அந்த 64 ஜிபியையும் கூடக் கொண்டுபோக முடியாது.

மின்சாரம் பற்றியும் வீட்டில் பேசிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கேம் ஓடும்போது இப்படியான பெட்டி 250 வாட் அளவில் இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஓர் அலகு. மாதம் முப்பது அலகு. வீட்டுக் கட்டணம் 60, 90, 120 அலகு என்று படிப்படியாக ஏறுவதால், இந்த முப்பது அலகு தனியாக வராது. விலை கூடிய அடுத்த படிக்கு உங்களைத் தூக்கிவிடக் கூடும். கட்டணம் கட்டுகிற அம்மாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 650 விஏ யுபிஎஸ் போதுமா என்று கேட்கிறார்கள். ரெண்டரிங்கைச் சேமித்து மூடுவதற்கான சில நிமிடங்களுக்குப் போதும், விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. இன்னொன்று: மலிவான யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ மின் அலையை நல்ல பவர் சப்ளைகள் சில ஏற்பதில்லை, மின்சாரம் போன கணமே யுபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும். வாங்கிய அன்றே சுவர்ச் சுவிட்சை நிறுத்திச் சோதியுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்வேலைக்காரரிடம் காட்டுங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கையும் ரூட்டர் வயரையும் கழற்றி வையுங்கள்.

தூசி இன்னொரு பகை. வைகாசியிலிருந்து சோளகம் வீசும் காலத்தில், கிரவல் பாதையோரத்து வீடுகளில் கணினியைத் திறந்தால் உள்ளே செம்மண் படிந்திருக்கும். இதில் வேர்க்ஸ்டேஷன் பெட்டிகளைப் பாராட்டத்தான் வேண்டும். கருவி இல்லாமலே பக்கப் பலகையைத் திறக்கலாம், காற்று முன்னிருந்து பின்னுக்கு நேராகப் போகும், விசிறிகள் நல்ல தரம். மாதம் ஒருமுறை ஊதித் துடைத்தால் நீண்டகாலம் இருக்கும்.

இப்போது ஓடுவது இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்பதையும் யோசியுங்கள். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பட்டியலில் இ5 வி3, வி4 புரோசசர்கள் இல்லை. குறுக்குவழியில் ஏற்றலாம், ஆனால் வலோரன்ட் போன்ற கேம்கள் வின்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் (Secure Boot) என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் திறக்கும். விற்பவர் இசட்420 போன்ற இன்னும் பழைய பெட்டியைக் காட்டினால், அதில் இருப்பது இ5 முதல் தலைமுறை அல்லது வி2. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி அவற்றில் இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் அவற்றில் ஆரம்பிக்கவே மாட்டா.

வேலையும் விளையாட்டும் ஒரே பெட்டியில் நடப்பதாக இருந்தால், கேமுக்கெனத் தனி எஸ்எஸ்டி போட்டு அதில் தனி வின்டோஸ் ஏற்றுங்கள். வாடிக்கையாளரின் காட்சிகள் இருக்கும் டிஸ்க்கை அந்த வின்டோஸில் திறக்காதபடி முடக்கி வையுங்கள். ஒரு பிரதியைக் கணினியோடு தொடர்பில்லாத வெளி டிஸ்க்கில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதென்று உடைத்த கேமை இறக்கும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் நிறைய. அவற்றோடு வரும் வைரஸ், எங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். ஒரு கலியாணத்தைத் திரும்ப நடத்தி வீடியோ எடுக்க முடியாது. என் மருமகன் இதைப் புரிந்துகொண்டு, சலுகை விலையில் வரும்போது காசு கொடுத்தே கேம் வாங்குகிறான். அதில் எனக்குப் பெருமை.

விளையாட்டுக்கென்றே வாங்குகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இது: ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600, சாதாரண மதர்போர்ட், 16 ஜிபி மெமரி, ஆர்எக்ஸ் 6600 அளவில் ஒரு கார்ட், பெயர் தெரிந்த கம்பனியின் 550 வாட் ஏடிஎக்ஸ் பவர் சப்ளை. ஒவ்வொரு பாகமும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்கும்.

படிப்புக்கோ தொழிலுக்கோ வேர்க்ஸ்டேஷன்தான் வேண்டும், அதில் கேமும் விளையாட வேண்டும் என்பவர்கள், கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் இ5-1650 வி3 போல வேகம் கூடிய புரோசசர் உள்ளதாகத் தேடுங்கள். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணையும், கார்ட்டுக்குப் போகும் வயர்களின் முனை எண்ணிக்கையையும் படம் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் பாகங்களின் விபரத்தைக் காட்டும் சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற மென்பொருள்கள் இரண்டையும் ஓட்டி, விளம்பரத்தில் சொன்ன பாகங்கள்தான் உள்ளே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். கொழும்புக்குப் போய்வர வசதி இல்லாவிட்டால், அங்கே இருக்கும் உறவினர் ஒருவரைக் கடைக்கு அனுப்பி, இவற்றை எல்லாம் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். பணத்தை அதன் பிறகு அனுப்புங்கள்.